எழுத்தோவியர் ஆஸ்வால்டு கூப்பர்

நூலைக் கையிலெடுப்போர் ஆசிரியர் பெயரை நோக்குவர். பதிப்பித்தவர் பெயரையும் சிலர் நோக்குவர். அச்சிட்ட நிலையத்தின் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும். ஆனால், அந்நூல் முழுவதும் பரந்து கிடக்கும் எழுத்தின் வடிவத்தை முதன் முதல் வரைந்த கை எவருடையது என்று வினவுவார் மிகச் சிலரே. வினவினும் விடை கிடைப்பது அரிது. எழுத்து வரைவோர் பெரும்பாலும் பெயரின்றி வாழ்ந்து பெயரின்றி மறைந்தவர். அவர்களுள் ஒருவர்க்கு மட்டும் ஒரு புதுமை நேர்ந்தது. அவருடைய பெயர் அவர் வரைந்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு உலகெங்கும் சென்றது. மனிதரோ அப்பெயருக்குப் பின்னே மறைந்துபோனார். அவரே அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரத்தில் வாழ்ந்த ஆஸ்வால்டு புரூஸ் கூப்பர். கூப்பர் பிளாக் என்னும் மிகத் தடித்த எழுத்தும், அதன் துணையாகிய சாய்ந்த எழுத்தும் அவர் கைவண்ணங்களாம்.

வரலாற்றுட் புகுமுன் சில சொற்களை விளக்குதல் வேண்டும். உரோம எழுத்துக்களில் நெடுங்கோடு முடியுமிடத்தில், தூணின் அடியிற் பீடம் வைத்தாற்போல ஒரு குறுகிய பாதம் அமைவதுண்டு. அதனைச் செரிப் என்பர். பண்டை உரோமர் கல்லிற் செதுக்கிய எழுத்துக்களிலேயே இதனைக் காணலாம். நம் தமிழெழுத்துக்கு இத்தகைய பாதம் இயல்பன்று. ஆகவே இதன் அருமை நமக்கு எளிதிற் புலனாவதில்லை. வலப்பக்கமாகச் சாய்ந்து கையெழுத்தின் நடையைத் தழுவி நிற்பது இத்தாலிக் எழுத்து. கோடுகள் பருத்துக் கருமை மிகுந்து நிற்பது தடித்த எழுத்து. படிப்பதற்கன்றிப் பார்வையை இழுப்பதற்காகவே தலைப்பிலும் சுவரொட்டியிலும் கடைவிளம்பரத்திலும் பெரிதாக நிறுத்தப்படுவது காட்சியெழுத்து. பாதமும் சாய்வும் தடிப்பும் காட்சித்திறனும் ஆகிய நான்கையும் ஒரே எழுத்திற் சேர்த்து, அச்சேர்க்கை கண்ணுக்கு இனிதாகும்படி செய்தல் எளிதன்று. அதனைச் செய்து முடித்தவர் கூப்பர்.

கூப்பர் 1879-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆம் தேதி ஓஹையோ மாகாணத்து மவுண்டு கிலியட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். வளர்ந்தது கான்ஸஸ் மாகாணத்துக் காபிவில் என்னும் ஊரில். உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடிக்குமுன்னரே அதனை விடுத்து, ஓர் அச்சகத்தில் எடுபிடிப் பையனாக அமர்ந்தார். அக்காலத்து அச்சகப் பையனின் வேலை இன்னதென்று வரையறுத்துச் சொல்ல இயலாது. தரையைப் பெருக்குதலும், உருளைகளிற் படிந்த மையைத் துடைத்தலும், அச்சிட்டு முடிந்த எழுத்துக்களைப் பிரித்து அவ்வவற்றின் அறைகளிற் போடுதலும் எல்லாம் அவனுடையனவே. ஈய எழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் படிக்கும் பழக்கம் அங்கே கைவரும். பிற்காலத்திற் கூப்பர் வரைந்த வடிவங்களெல்லாம் வெறும் ஏட்டுச் சித்திரங்களாக நில்லாமல், அச்சில் ஏறியபின் எவ்வாறு தோன்றும் என்பதை முன்னறிந்து வரையப்பட்டனவாக இருந்தமைக்கு இவ்விளமைப் பயிற்சியே காரணம் என்று யான் கருதுகின்றேன்.

படங்கள் வரையும் ஓவியராக வேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. அக்கனவோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயிற் சிக்காகோ நகரத்தை அடைந்தார். அந்நகரம் அன்று இருப்புப்பாதைகள் பல வந்து கூடும் பெருஞ்சந்தி. சீயர்ஸ், மாண்ட்கமரி வார்டு முதலிய வாணிகச் சாலைகள் அஞ்சல் வழியே நாடு முழுவதும் பண்டங்களை விற்றன; அதற்காகப் பருத்த விலைப்பட்டிகளை அச்சிட்டுப் பரப்பின. ஆகவே அச்சுத்தொழிலும் விளம்பரத்தொழிலும் அங்கே செழித்தோங்கியிருந்தன. பிராங்கு ஹோம் என்னும் பத்திரிகை ஓவியர் அந்நகரில் ஓர் ஓவியப்பள்ளி நடத்திவந்தார். கூப்பர் அதிற் சேர்ந்தார். கையிற் பணமில்லாமை இடையூறாயிற்று. ஹோம் இளைஞரின் நிலையை அறிந்து, சம்பளத்திற்கு ஈடாகப் பள்ளியிலேயே வேலை கொடுத்து ஆதரித்தார்.

படம் வரைதலிற் கூப்பருக்குப் பெருந்திறன் வாய்க்கவில்லை. அதற்கு வருந்தியிருப்பார் போலும்; ஆயினும் அப்பள்ளியில் எழுத்து வரையும் கலையைக் கற்பித்த பிரெடரிக் கௌடி என்பவரை அடுத்ததும் வேறொரு வழி திறந்தது. கௌடி 1865-இற் பிறந்தவர். கணக்கெழுதிப் பிழைத்துக்கொண்டிருந்து, பின்னர்த் தம் முயற்சியாலேயே எழுத்துக் கலையைக் கற்றுத் தேர்ந்தவர். பிற்காலத்தில் அமெரிக்க எழுத்து வரைவோருள் தலைமை பெற்றவர். அவ்வகுப்பிற் பயின்ற மற்றொரு மாணவர் வில்லியம் அடிசன் டுவிகின்ஸ். அவரும் பின்னாளில் நூலெழுத்து வரைவதிற் பெரும்புகழ் எய்தினார். ஒரு சிறு பள்ளியின் ஓரறையில் ஒரே காலத்தில் இம்மூவரும் கூடியிருந்தனர் என்பது எண்ணுந்தோறும் வியப்பைத் தருகின்றது. விரைவிலே கூப்பர் தாமும் அப்பள்ளியில் எழுத்து வரையக் கற்பிக்கும் ஆசிரியரானார்.

ஹோம் காசநோயால் வருந்தி 1904-இல் உயிர் நீத்தார். அவ்வாண்டே கூப்பர், பிரெட் பெர்ச் என்னும் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து பெர்ச் அண்டு கூப்பர் என்ற தொழில் நிலையத்தைத் தொடங்கினார். இருவர் இயல்பும் மாறுபட்டவை. பெர்ச் பேச்சு வன்மையும் வாணிகத் திறமையும் உடையவர். வேலை தேடிக் கொணர்பவர். கூப்பரோ கூச்சம் மிக்கவர், கூட்டத்தை விரும்பாதவர், மேசையருகில் இறகும் தூரிகையும் மையுமாக அமர்ந்துவிட்டால் எழுந்திருக்க மனமில்லாதவர். ஒருவரிடத்து இல்லாதது மற்றவரிடத்து இருந்தமையால் அக்கூட்டு நிலைத்தது. பாக்கார்டு மோட்டார் வண்டி நிறுவனமும் ஆன்ஹைசர்-புஷ் மதுவடிசாலையும் அவர்களுக்கு வேலை தந்த பெரிய நிறுவனங்களுட் சில. 1914 முதல் அச்சுக்கோக்கும் பணியையும் அந்நிலையம் மேற்கொண்டது.

அக்காலத்து விளம்பரம் ஒன்றைக் கூப்பர் செய்யும் முறையை அறிந்தால் அவருடைய பெருமை புலப்படும். தலைப்பும் உட்செய்தியும் ஆகிய வாசகங்களைத் தம் கையாலேயே எழுத்தெழுத்தாக வரைந்து, அதனைப் படமாக எடுத்துத் தகட்டிற் பதித்து அச்சேற்றுவார். சிலபோது அவ்வாசகத்தை இயற்றியவரும் அவரே. வார்ப்பெழுத்துக்குள்ள விறைப்பு அவர் வரைந்த வரிகளில் இராது. ஓரெழுத்து மற்றோரெழுத்துக்கு இடம் விட்டு, நண்பர் இருவர் உரையாடுவதுபோல் நெருங்கி நிற்கும். பாக்கார்டு வண்டிக்காக அவர் வரைந்த எழுத்து மக்கள் மனத்தைக் கவர்ந்தமையால், அமெரிக்கன் டைப் பவுண்டர்ஸ் என்னும் பெரிய வார்ப்படச்சாலை அதனைப் பின்பற்றி 1913-இல் ஓர் ஈய எழுத்து வார்த்து, அதற்குப் பாக்கார்டு என்றே பெயரிட்டது.

இங்கே ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டும். கையால் எழுத்து வரைந்து பிழைப்பவனுடைய எழுத்தை ஈயத்தில் வார்த்துவிட்டால், அதன்பின் அவன் எதற்கு? சிற்றூர் அச்சகத்துப் பையனும் ஓர் எழுத்துப்பெட்டியை விலைக்கு வாங்கி, கூப்பரின் கைத்திறத்தை மணிக்கணக்கிற் கோத்து அடுக்கலாம். வார்ப்படம் கலைஞனுக்குப் புகழைக் கொடுக்கும் அதே வேளையில் அவன் தொழிலின் வேரையும் அறுக்கின்றது.

வார்ப்படச்சாலைகளுக்கும் அன்று ஒரு நெருக்கடி இருந்தது. 1886-இல் நியூயார்க்கு டிரிபியூன் பத்திரிகையில் லைனோடைப் இயந்திரம் முதலில் வேலை தொடங்கியது. அடுத்து மோனோடைப் வந்தது. இவ்வியந்திரங்கள் வரி வரியாகவும் எழுத்தெழுத்தாகவும் அச்சகத்திலேயே வார்த்துக்கொண்டமையால், பத்திரிகைக்கும் நூலுக்கும் வேண்டிய சிறிய எழுத்துக்களை வார்ப்படச்சாலையில் மணங்கு மணங்காக வாங்கும் வழக்கம் ஒழிந்தது. 1892-இல் இருபதுக்கு மேற்பட்ட சாலைகள் ஒன்றுகூடி அமெரிக்கன் டைப் பவுண்டர்ஸ் என்னும் ஒரே நிறுவனமானதும் இந்நெருக்கடியாலேயே. இயந்திரத்திற்கு எளிதில் அடங்காத பெரிய காட்சியெழுத்துக்களே வார்ப்படச்சாலைகளுக்கு எஞ்சிய வாழ்வு. ஆகையால் புதிது புதிதாகக் காட்சியெழுத்து வரைவோரை அவர்கள் தேடி அலைந்தனர்.

சிக்காகோவில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்ற சாலை இருந்தது. 1911-இல் அமெரிக்கன் டைப் பவுண்டர்ஸ் அதனை வாங்கிவிட்ட போதிலும், அது தன் பழைய பெயரிலேயே தனியாகத் தொழில் நடத்திவந்தது. அதன் விளம்பரத் தலைவராகிய ரிச்சர்டு மக்கார்தர் கூப்பரை விடாது வேண்டி இணங்குவித்தார். முதல் உலகப்போர் முடிந்த காலத்தை ஒட்டி அவருடைய முதல் எழுத்துக் குடும்பம் வெளிவந்தது. அதற்குக் கூப்பர் என்றே பெயர். பின்னர்க் கூப்பர் ஓல்டுஸ்டைல் எனப்பட்டது. பழைய நூலெழுத்தின் அமைதியும், முனைகள் மழுங்கி உருண்ட மென்மையும் அதிற் கலந்திருந்தன. அதனைத் தடித்து வரைந்தால் விளம்பரத்துக்கு நன்கு பயன்படும் என்று சாலையார் கருதினர். அதன் விளைவே 1922-இல் வெளிவந்த கூப்பர் பிளாக்.

தடித்த எழுத்து அதற்கு முன் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இராபர்ட்டு தார்ன் முதலியோர் மிகப் பருத்த எழுத்துக்களை வார்த்தனர். பரிசுச்சீட்டு விளம்பரங்களிலும் நாடக அறிவிப்புக்களிலும் அவை முழங்கின. ஆனால் அவற்றின் இயல்பு வேறு. பருத்த கோடு சுவர்போல் நிற்க, அதனருகே மயிரிழைபோன்ற மெல்லிய கோடு நடுங்கிக்கொண்டிருக்கும். முனைகள் கத்திபோற் கூர்மையானவை. அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் அம்மெல்லிய கோடுகள் விரைவில் முறியும். கூப்பர் இவ்வேற்றுமையையே ஒழித்துவிட்டார். அவருடைய எழுத்தில் மெல்லிய கோடும் ஓரளவு பருத்ததே. பாதங்களுக்குக் கூர்முனை இல்லை. பிசைந்த மாவை உருட்டி வைத்தாற்போல வளைந்து முடியும். வட்ட எழுத்துக்களின் உள்வெளி நிமிர்ந்து நில்லாமல் இடப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். அகன்ற முனையுள்ள இறகைச் சாய்த்துப் பிடித்து எழுதியதன் நினைவு அது. கீழ்நோக்கி இறங்கும் வால்கள் மிகக் குறுகியவை. ஆகவே ஒரு கட்டையில் எழுத்தைப் பெரிதாக அமைக்கவும், வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி அடுக்கவும் இயன்றது.

இம்மழுங்கிய முனைக்கு அழகேயன்றி ஆதாயமும் உண்டு. ஈயம் மென்மையான உலோகம். பன்முறை அச்சிட்டால் கூர்முனைகள் தேயும். முதலிலேயே உருண்டிருக்கும் முனையில் அத்தேய்வு தெரியாது. மலிவான காகிதத்தில் மை ஊறிப் பரவினாலும் வடிவம் கெடாது. மேலும், வட்டமான எழுத்து வரிக்கோட்டிற்குச் சிறிது தாழ இறங்கினால்தான் மற்ற எழுத்துக்களோடு ஒப்ப நிற்பதாகக் கண் ஏற்கும் என்பது எழுத்து வரைவோர் யாவரும் அறிந்த உண்மை. கூப்பரின் எழுத்திலோ எல்லா அடிகளும் வளைந்தவையே ஆதலின், ஒன்றோடொன்று இணங்கி ஒரே மெத்தையில் அமர்ந்திருப்பன போலத் தோன்றும்.

இனிச் சாய்ந்த எழுத்தைக் காண்போம். இத்தாலிக் எழுத்தின் பிறப்பிடம் வெனிஸ் நகரம். அங்கே ஆல்டஸ் மனூட்டியஸ் என்னும் பதிப்பாசிரியருக்காகப் பிரான்செஸ்கோ கிரிப்போ என்பவர் அதனைச் செதுக்கினார். 1501-இல் வர்ஜிலின் கவிதைகள் முழுவதும் அவ்வெழுத்தில் வெளிவந்தன. கற்றோர் விரைந்தெழுதும் கையெழுத்தின் நடையைத் தழுவிய அது, இடம் குறைவாகப் பிடித்தது. கையடக்கமான சிறு நூல்களுக்கு ஏற்றதாயிற்று. அதாவது, இத்தாலிக் என்பது பிறப்பால் மெல்லிய எழுத்து. இறகின் ஓட்டத்தில் தோன்றியது. அதனைப் பருக்கச் செய்வது, ஓடுகின்றவன் தலையில் மூட்டையை ஏற்றுவது போலாம். ஓட்டம் நின்றுவிடக் கூடாது, மூட்டையும் விழக் கூடாது.

கூப்பர் பிளாக்கின் இத்தாலிக் 1920-களின் நடுப்பகுதியில் வெளிவந்தது. அதனை நிமிர்ந்த எழுத்தோடு வைத்து ஒப்பிடுவோர், அது நிமிர்ந்ததைப் பிடித்துச் சாய்த்தது அன்று என்பதை உடனே காண்பர். நிமிர்ந்த எழுத்திற் சிறிய ஏ என்னும் எழுத்து ஒரு வளைவின்மேல் மற்றொரு கூரை கவிந்து இரண்டடுக்காக நிற்கும். இத்தாலிக்கில் அது கையால் எழுதுவதுபோல ஒரே வயிறும் ஒரே காலுமாக அமைகின்றது. என், எம் முதலியவற்றின் கால்கள் பீடத்தில் ஊன்றி நில்லாமல், அடுத்த எழுத்தை நோக்கி வளைந்து முடிகின்றன. எனவே நிமிர்ந்த கூப்பர் பிளாக் அமர்ந்து பேசுவதென்றால், சாய்ந்தது நடந்துகொண்டே பேசுவதாம்.

உலோக எழுத்தைக் கையாண்டவர்க்கு இதிலுள்ள இடர்ப்பாடும் தெரியும். ஈயக்கட்டை நேரான நாற்கோண வடிவினது, எழுத்தோ சாய்ந்தது. சாய்ந்த எழுத்தை நேர்க்கட்டையில் அடக்க முயன்றால் ஒவ்வோரெழுத்துக்கும் இடையில் வெற்றிடம் பெருகிச் சொல் சிதறும். வெற்றிடத்தைக் குறைக்க எண்ணி எழுத்தின் நுனியைக் கட்டைக்கு வெளியே நீட்டினால், அந்நீட்டம் அடுத்த கட்டையின் தோளில் ஏறி நிற்கும். அச்சுக்கோப்பவர் சிறிது கவனம் தப்பினாலும் அது முறிந்துபோகும். தடித்த எழுத்தில் இவ்விடர் இரட்டிக்கும். ஏனெனில் பருத்த எழுத்துக்கள் நெருங்கி நின்றாலன்றி ஒன்றாகத் தோன்றா. மிதமான சாய்வும் மழுங்கிய முனையும் சேர்ந்த கூப்பரின் வடிவம் இவ்விரு இடர்களையும் பெரும்பாலும் தவிர்த்தது.

இவ்வெழுத்தின் பயன் யாது? ஒரு பக்கத்தை இதிற் கோத்துப் படிக்கச் சொன்னால் அது தண்டனையாகும். உள்வெளிகள் சிறியவை, கருமை மிகுதி, சிறு அளவில் அவ்வெளிகள் மையால் அடைபட்டுவிடும். ஆகவே இது சில சொற்களுக்கே உரியது. கடையின் பெயர், பண்டத்தின் பெயர், விற்பனை நாள், சுவரொட்டியின் தலைவரி, இசைத்தட்டின் உறை, உணவுப் பொட்டலத்தின் முகப்பு ஆகியவையே அதன் ஆட்சிக்குட்பட்ட நிலம். நிமிர்ந்த தடித்த எழுத்தில் அமைந்த தலைப்பின்கீழ் ஒரு சொல்லை மட்டும் வேறுபடுத்தி அழைக்க வேண்டுமானால், சாய்ந்தது கைகொடுக்கும். சுற்றிலும் வெள்ளை வெளி தாராளமாக இருத்தல் வேண்டும். அருகே மெல்லிய எழுத்திற் செய்தி அமைதல் வேண்டும். பக்கம் முழுவதும் தடித்த எழுத்தானால் எதுவும் தடித்ததன்று. முழுவதும் பேரெழுத்துக்களாகவே இத்தாலிக்கைக் கோப்பதும் தவறு; கைநடையின் இனிமையெல்லாம் சிற்றெழுத்துக்களிலேயே தங்கியிருக்கின்றது. நம் மாணவர் சங்கங்கள் ஒட்டும் அறிவிப்புக்களைக் காணுந்தோறும் இவ்விதிகளை எவரேனும் எடுத்துரைத்தால் நன்று என்று தோன்றுவதுண்டு.

கூப்பர் பிளாக் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க நாட்டு அச்சகங்களை ஆட்கொண்டது. கூப்பர் நகைச்சுவை மிக்கவராதலின், தூரப்பார்வையுடைய அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வையுடைய அவர்தம் வாடிக்கைக்காரருக்கும் ஏற்ற எழுத்து இது என்று தம் படைப்பைப் பற்றித் தாமே வேடிக்கையாகக் கூறினார் என்பர். ஆனால், நூலச்சின் மரபைப் போற்றிய பழமைவாணர் இதனைப் பெரிதும் வெறுத்தனர்; நாட்டைச் சூழ்ந்த கரிய ஆபத்து என்றும் பழித்தனர். விளம்பரத்தின் கூச்சல் நல்லச்சின் அமைதியைக் கெடுக்கின்றது என்பது அவர்கள் முறையீடு. அம்முறையீட்டில் உண்மை இல்லாமலில்லை. எனினும், கடைக்காரனும் கலையின் துணையை நாடும் உரிமை உடையவனே. மலிவான அறிவிப்பும் ஓரளவு அழகாக இருக்கலாம் என்று காட்டியவரைக் குறைகூறுதல் எங்ஙனம் பொருந்தும்? கூப்பர் மென்மையான நூலெழுத்தும் வரைய வல்லவர். உலகம் அவரிடம் விரும்பிக் கேட்டதோ கருமை.

பழியினும் கொடியது களவு. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. ஒருவர் ஆண்டுக்கணக்கில் வரைந்து திருத்தியதை மற்றொருவர் பார்த்து வரைந்து வேறு பெயரில் விற்கலாம். லட்லோ நிறுவனம் 1924-இல் லட்லோ பிளாக் என்பதை வெளியிட்டது. லைனோடைப் நிறுவனம் 1928-இல் பாப்ஸ்டு எக்ஸ்டிரா போல்டு என்பதைக் கொணர்ந்தது. இவற்றினும் உள்ளத்தைத் தொடுவது மற்றொன்று. லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனத்தார், கூப்பர் பிளாக்குக்கு எதிர்நிற்க வல்ல ஓர் எழுத்து வேண்டுமென்று வேறொருவரை வேண்டினர். அவரும் இசைந்து 1925-இல் வரைந்து கொடுத்தார். கௌடி ஹெவிபேஸ் என்பது அதன் பெயர். ஆம், வரைந்தவர் ஹோம் பள்ளியில் எழுத்து வரையக் கற்பித்த அதே பிரெடரிக் கௌடி! அதற்கும் இத்தாலிக் துணை உண்டு. ஆசிரியர் தம் மாணாக்கரின் வெற்றியைத் தொடர்ந்து ஓடவேண்டிய நிலை வந்தது. கௌடியின் எழுத்தும் திறமையானதே. ஆயினும் சந்தையிற் கூப்பரின் இடத்தை அதனாற் பிடிக்க இயலவில்லை.

பிறர் எழுத்தைப் பார்த்து வரைதலைப் பற்றிக் கூப்பர் கொண்டிருந்த கருத்து உறுதியானது. முன்னோருடைய வேலையைக் கற்கலாம், அவர்கள் காலத்து நடையிலும் வரையலாம். ஆனால் வரைய அமரும்போது பிறருடைய வேலையை எதிரே வைத்துக்கொள்ளலாகாது என்பது இளைஞர்க்கு அவர் கூறிய அறிவுரை. தாமும் அவ்வழியே நின்றார்.

அக்குடும்பத்தை அவர் மேலும் வளர்த்தார். தடித்த கோட்டின் நடுவே வெண்கீற்று ஒளிவிடும் கூப்பர் ஹைலைட் 1925-இல் வந்தது. 1927-இல் பாம்பியன் கர்சிவ் என்னும் கையெழுத்து வகையும், 1929-இல் கூப்பர் புல்பேஸ் என்பதும் வெளிவந்தன. பின்னது பழைய இலண்டன் பருவெழுத்தின் இயல்பைத் தம் முறையிற் புதுக்கியது. அவ்வாண்டின் இறுதியில் வந்த பொருளாதார வீழ்ச்சி வார்ப்படச்சாலைகளைப் பெரிதும் தாக்கிற்று. பார்ன்ஹார்ட் சாலையின் தனி வாழ்வும் முடிந்தது. அதன் எழுத்துக்களுட் சிறந்தவற்றை அமெரிக்கன் டைப் பவுண்டர்ஸ் தொடர்ந்து வார்த்து விற்றது. கூப்பர் சிக்காகோவிலேயே இருந்து தம் தொழிலைத் தொடர்ந்தார். நண்பர்கள் அவரை ஆஸ் என்று சுருக்கி அழைத்தனர். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, புற்றுநோயால் வருந்தித் தமது அறுபத்தோராம் வயதில் அவர் காலமானார். அச்சுக்கலைச் சங்கத்து நண்பர்கள் அவருடைய வேலைகளையும் கட்டுரைகளையும் தொகுத்து 1949-இல் ஒரு நூலாகச் சிக்காகோவில் வெளியிட்டனர்.

எழுத்தின் வாழ்வோ அதனோடு முடியவில்லை. ஈயம் போய் ஒளிப்பட அச்சுக்கோப்பு வந்தபோது, கட்டையின் தடை நீங்கிற்று. எழுத்துக்களை வேண்டிய அளவு நெருக்கலாம், ஒன்றன்மேல் ஒன்று படும்படியும் வைக்கலாம். பருத்து உருண்ட கூப்பரின் எழுத்துக்கு இது பெருவாய்ப்பாயிற்று. தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களிலும் அது இடம்பெற்றது. 1966-இல் பீச் பாய்ஸ் குழுவினர் வெளியிட்ட பெட் சவுண்ட்ஸ் என்னும் இசைத்தட்டின் உறையிலும், 1968-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் தொடங்கிய டாட்ஸ் ஆர்மி என்னும் நகைச்சுவை நாடகத்தின் தலைப்பிலும், 1995-இல் தொடங்கிய ஈசிஜெட் விமான நிறுவனத்தின் பெயரிலும் காண்பது கூப்பர் பிளாக்கே. மோட்டார் வண்டிக்கு விளம்பரம் வரைந்தவரின் எழுத்து, அவர் மறைந்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் வானவூர்தியின் உடலில் ஏறியது.

கணிப்பொறி வந்தபின், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆபீஸ் மென்பொருளோடு கூப்பர் பிளாக்கும் பல வீடுகளிற் புகுந்தது. ஆனால் அதனோடு வந்தது நிமிர்ந்த வடிவம் மட்டுமே. சாய்ந்ததை அதற்குத் துணையாக அனுப்பவில்லை. சாய்வுப் பொத்தானை அழுத்தினால், கணிப்பொறி நிமிர்ந்த எழுத்தையே பிடித்து வலப்பக்கம் தள்ளிக் காட்டுகின்றது. கூப்பர் வரைந்த இத்தாலிக் அது அன்று. ஐயமுற்றவர் சிறிய ஏ என்னும் எழுத்தை உற்று நோக்குக. இரண்டடுக்காக நின்றால் அது பொறி செய்த போலி. ஒரே வயிறும் ஒரே காலுமாக நின்றால் அது ஆஸ்வால்டு கூப்பரின் கை.